பேசித் தீர்ப்பதும் தள்ளி நிற்பதும்: பகை மூண்ட வீட்டுக்கு ஒரு நடைமுறை

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், மகாவலி கங்கைக்கும் வஸ்கமுவ தேசிய பூங்காவுக்கும் பக்கத்தில் இருக்கிறது வில்கமுவ. வயலும் குளமும் யானையும் உள்ள ஊர். 2012 குடிசன மதிப்பீட்டில் இலங்கை முழுவதிலும் கிறிஸ்தவர்கள் 7.6 சதவீதம். பௌத்தச் சிங்கள விவசாயிகள் பெரும்பான்மையாக வாழும் இதுபோன்ற பகுதிகளில் அவர்கள் அங்கொரு வீடும் இங்கொரு வீடுமாகவே இருப்பார்கள். எனவே கிறிஸ்தவ வீட்டில் பகை மூண்டால், அது கிறிஸ்தவர்களுக்குள் மட்டும் நடக்கும் பகையாக இருப்பது அரிது. பௌத்த மச்சான், இந்து மாமி, குவைத்தில் வேலை செய்யும் தங்கை என்று எல்லோரும் அதற்குள் வந்துவிடுகிறார்கள். பங்குத்தந்தையோ போதகரோ பெரும்பாலும் பஸ் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டிய தூரத்தில் இருப்பார். வெளியாள் வரும்வரை காத்திராமல் வீட்டில் ஒருவர் தாமே செய்யக்கூடியவற்றை இந்த அத்தியாயம் வரிசையாகத் தருகிறது.

எந்த வகைப் பூசல் என்று பார்த்தல்

எல்லாப் பூசலுக்கும் ஒரே மருந்து இல்லை. பேச உட்காருவதற்கு முன், நடப்பது கீழுள்ளவற்றில் எது என்று தனியே தீர்மானிக்க வேண்டும்.

1. ஆபத்து: அடி, மிரட்டல், பூட்டி வைத்தல், சம்பளத்தையோ அடையாள அட்டையையோ பறித்து வைத்தல், பிள்ளைகள் மீது கை வைத்தல்.
2. சொத்து: காணி, வீடு, நகை, வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணம்.
3. கடமை: வயதான அப்பா அம்மாவை யார் பார்ப்பது, யார் செலவு செய்வது.
4. மதம்: திருமணம், ஞானஸ்நானம், தானம், பிரித் ஓதல் போன்ற பௌத்தச் சடங்குகள்.
5. வாய்: பல வருடங்களாகச் சேர்ந்த குத்தல் பேச்சு, பேசாமை.

முதல் வகைக்கு உரிய வழி வேறு, மற்ற நான்குக்கும் உரிய வழி வேறு. இரண்டையும் ஒன்றாக்குவதே பக்தியுள்ள குடும்பங்கள் செய்யும் மிகப் பெரிய தவறு. அடி வாங்கும் பெண்ணிடம் ஏழெழுபது முறை மன்னிக்கச் சொல்வது அந்த உபதேசத்தைத் தலைகீழாக்குவதாகும். மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் அந்தச் சொல் பேதுருவின் கேள்விக்குப் பதிலாக வருகிறது. அதற்குச் சற்று முன்னால், அதே அதிகாரத்தில், தவறு செய்தவனைக் கண்டிக்கும் ஒழுங்கும் இருக்கிறது. சிறியவர்களுக்கு இடறல் உண்டாக்குபவனுக்குக் கடும் எச்சரிக்கையும் இருக்கிறது. அவற்றைத் தாண்டிப்போய் ஒரு வசனத்தை மட்டும் பிடுங்கி எடுக்கக் கூடாது.

ஆபத்து உள்ள வீட்டில்

இங்கே சமரசப் பேச்சு முதல் வேலை அல்ல.

1. போய்த் தங்கக்கூடிய ஒரு வீட்டை முன்கூட்டியே தீர்மானித்து, அந்த வீட்டாரிடம் சொல்லி வைத்தல். அடிப்பவருக்கு நெருக்கமான உறவினர் வீடு கூடாது.
2. அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, கிளினிக் கொப்பி, வங்கிப் புத்தகம், கொஞ்சம் காசு ஆகியவற்றை ஒரே பையில் வைத்தல். முடியுமானால் பையை அயல்வீட்டில் கொடுத்து வைத்தல்.
3. உடனடி ஆபத்தென்றால் பொலிஸுக்கு 119. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பிள்ளைகள் சம்பந்தப்பட்டால் 1929.
4. காயம் இருந்தால் அரச ஆஸ்பத்திரிக்குப் போய், எப்படி ஏற்பட்டது என்பதை உள்ளபடி சொல்லுதல். கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னால் அதுதான் பதிவில் நிற்கும்.
5. பொலிஸில் முறைப்பாடு செய்யும்போது, எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டே கையொப்பம் இடுதல். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டால், இரு மொழியும் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போவது நல்லது. 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. தமிழில் எழுதச் சொல்லிக் கேட்பது உரிமை. அது சலுகை அல்ல.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். இடைக்காலக் கட்டளை 14 நாள் வரையும், முழுக் கட்டளை 12 மாதம் வரையும் இருக்கும். கணவன் மனைவிக்கு மட்டுமன்றி, பெற்றோர், பிள்ளைகள், சகோதரர் போன்ற உறவுகளுக்கும் இச்சட்டம் பொருந்தும். உடலில் காயம் இல்லாத கடுமையான மனத்துன்பமும் இதில் அடங்கும். பாதிக்கப்பட்டவர் சார்பாகப் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம்.

கத்தோலிக்கர் பலருக்குப் பிரிந்து போவதே பாவம் என்ற எண்ணம் உண்டு. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1153ஆம் சட்டம், துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலிலோ மனதிலோ பாரிய ஆபத்து விளைவிப்பவரை விட்டுப் பிரிந்து வாழ நியாயமான காரணம் உண்டென்று ஏற்கிறது. தாமதித்தால் ஆபத்து என்ற நிலையில் ஆயரின் தீர்ப்புக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. பாப்பரசர் பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட ‘அன்பின் மகிழ்வு’ மடலும், சில வேளைகளில் பிரிவு ஒழுக்க ரீதியாகவே தேவையாகிறது என்கிறது. இப்படிப் பிரிந்திருப்பது விவாகரத்து அல்ல. மறுமணம் செய்யாமல் பிரிந்து வாழ்பவர் நற்கருணை வாங்கத் தடையும் இல்லை.

*குறிப்பு:* சண்டை நடக்கும் நாட்களில், வயலுக்கு அடிக்கும் மருந்துப் போத்தல்களை வீட்டிலிருந்து அகற்றிப் பூட்டி வைக்க வேண்டும். அயலவரிடம் கொடுத்து வைத்தால் இன்னும் நல்லது. இலங்கையில் 1990களின் நடுப்பகுதியில் உச்சத்தில் இருந்த தற்கொலை வீதம் பெருமளவு குறைந்ததற்கு, கொடிய பூச்சி, களைக் கொல்லிகளைத் தடைசெய்தது ஒரு முக்கிய காரணம். கோபம் ஆறும்வரை போத்தல் கைக்கெட்டாமல் இருந்தாலே உயிர் தப்பும். வீட்டில் ஒருவர் சாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

மன்னிப்பும் உறவு கூடுதலும்

மன்னிப்பது ஒருவர் தனியே செய்யக்கூடியது. உறவு மீண்டும் கூடுவதற்கு இருவரும் வேண்டும். யோசேப்பு தன் சகோதரரை எகிப்தில் கண்டதும் தன்னை வெளிப்படுத்திவிடவில்லை. அவர்கள் மாறியிருக்கிறார்களா என்று பென்யமீனை வைத்துச் சோதித்த பிறகே தான் யாரென்று சொன்னான் (ஆதியாகமம் 42 முதல் 45 வரை). யாக்கோபும் ஏசாவும் கட்டித் தழுவினார்கள். பிறகு ஒருவர் சேயீருக்கும் மற்றவர் சுக்கோத்துக்குமாக வெவ்வேறு வழியில் போனார்கள் (33ஆம் அதிகாரம்). ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தால்தான் சமாதானம் என்று வேதாகமம் எங்கும் கட்டாயப்படுத்தவில்லை. ரோமர் 12இல் பவுல் சமாதானத்தை ‘கூடுமானால்’ என்ற வரம்போடுதான் கேட்கிறார்.

நடைமுறையில் இதன் பயன் இது: மனதால் மன்னித்துவிட்டேன் என்று சொல்பவர், அதே நாளில் வீட்டுத் திறப்பையும் கையில் கொடுக்க வேண்டியதில்லை.

பேசும் வரிசை

மத்தேயு 18 மூன்று படிகளைத் தருகிறது: தனியே பேசுதல், ஒருவர் இருவரைக் கூட்டிக்கொண்டு போதல், பிறகு சபைக்குச் சொல்லுதல். குடும்பங்களில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாகவே நடக்கிறது. முதலில் ஊருக்குத் தெரியும், பிறகு போதகருக்கு, கடைசியில்தான் சம்பந்தப்பட்டவருக்கு. கீழுள்ள படிகள் அவற்றில் முதல் இரண்டையும் வில்கமுவ நிலைமைக்கு ஏற்ப விரிக்கின்றன.

1. ஒரே ஒரு விஷயத்தைத் தெரிந்தெடுத்தல். பத்து வருடக் கணக்கை ஒரே நாளில் தீர்க்க முடியாது. தாளில் எழுதி, மற்றவற்றுக்குக் கோடு போட்டு, ஒன்றை மட்டும் மிச்சம் வைக்க வேண்டும்.

2. தன் பங்கைப் பார்த்தல். செய்த தவறு ஏதும் இருந்தால் அதைப் பேச்சின் தொடக்கத்திலேயே, ‘ஆனால்’ சேர்க்காமல் சொல்ல வேண்டும். கத்தோலிக்கர் அதற்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்வது பயன் தரும். ஆனால் குருவிடம் சொன்னதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடக் கூடாது. மத்தேயு 5இன்படி காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு முதலில் போக வேண்டிய இடம் சகோதரனின் வீடு.

3. காலம் பார்த்தல். பெரும்போகத்தில் தண்ணீர் பாய்ச்சும் நாட்களும், இரவில் வயற்காவலுக்குப் போகும் நாட்களும் உகந்தவை அல்ல. நித்திரை இல்லாதவரிடம் நியாயம் பேச முடியாது. அறுவடை முடிந்து நெல் விற்ற பின்வரும் வாரம் நல்லது.

4. நேரம் பார்த்தல். பகலில், சாப்பிட்ட பிறகு, யாரும் குடித்திருக்காத நேரத்தில் பேச வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு தொடங்கவே கூடாது. கோபத்தில் எழுந்து வெளியே நடக்கும் ஆள் வயல் வரம்பில் யானையின் முன் போய் நிற்கக்கூடிய ஊர் இது. சூரியன் மறையுமுன் கோபத்தைத் தணிக்கச் சொல்லும் எபேசியர் 4ஐ, இரவோடிரவாகச் சண்டையை முடித்தே தீர வேண்டும் என்ற கட்டளையாக எடுத்துக்கொண்டு விடிய விடிய வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். அன்றைய கோபத்தை அன்றோடு கீழே வைப்பது வேறு; அன்றைக்கே தீர்ப்புக் கேட்பது வேறு.

5. முன்கூட்டிக் கேட்டல். வாசலில் போய் நின்று வெடிக்காமல், ஒரு நாள் முன்னதாக: “அண்ணே, போன போகத்துல வாய்க்கால் தண்ணி திருப்பினது பத்திக் கொஞ்சம் கதைக்கணும். நாளைக்குக் காலையில வரவா, இல்ல ஞாயித்துக்கிழமை வரவா?” இப்படிக் கேட்கும்போது விஷயமும் தெரிகிறது, நாளைத் தீர்மானிக்கும் மரியாதையும் மூத்தவருக்குக் கிடைக்கிறது.

6. நடந்ததைச் சொல்லுதல். “நீங்க எப்பவுமே இப்படித்தான்” என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். “புதன்கிழமை மடை அடைச்சிருந்தது, என்ட பக்கம் ரெண்டு பாத்தி காஞ்சு போச்சு” என்று கண்ணால் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும். அண்ணனுக்கு அண்ணி சொல்லிக் கொடுத்தாள் என்ற ஊகத்தை வாயில் எடுக்கக் கூடாது. அது உண்மையாகவே இருந்தாலும் அன்றைக்கு உதவாது.

7. வேண்டியதை ஒரே வாக்கியத்தில் கேட்டுவிட்டு நிறுத்தல். “அடுத்த போகத்துல முறை வைச்சுப் பாய்ச்சுவோமா?” பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இந்தப் படிதான் எல்லாவற்றிலும் கடினம். மறுபக்கம் மௌனமாக இருந்தால், அந்த இடைவெளியை நிரப்பப் பழைய கதை ஒன்று தொண்டை வரை வரும்.

8. குரல் ஏறினால் எழுந்து வருதல். “இன்னொரு நாளைக்குக் கதைப்போம் அண்ணே” என்று சொல்லிவிட்டு வரலாம். இரண்டு தடவை முயன்றும் பலிக்காவிட்டால் அடுத்த படி.

9. ஒருவர் இருவரைக் கூட்டிக்கொண்டு போதல். அந்த ஆள் இரு பக்கமும் மதிப்பவராக இருக்க வேண்டும். பணக் கொடுக்கல் வாங்கல் இல்லாதவராக இருக்க வேண்டும். அவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பௌத்த மாமா ஒருவரின் சொல்லுக்கு அண்ணன் அடங்குவாரென்றால், தெரியாத ஒரு மூப்பரை மாத்தளையிலிருந்து கூட்டி வருவதைவிட அந்த மாமாவே மேல்.

*குறிப்பு:* பேச்சைத் தொடங்க ஜெபத்தைக் கருவியாக்கக் கூடாது. மைத்துனரின் குறைகளை ஆண்டவரிடம் உரக்கச் சொல்லி அவரையே முழந்தாளில் இருந்து கேட்க வைக்கும் ஜெபம் பல வீடுகளில் நடக்கிறது. அது ஜெபம் அல்ல, குற்றப்பத்திரிகை. தனியே ஜெபித்துவிட்டுப் போனால் போதும்.

காணிச் சண்டை

வில்கமுவ போன்ற இடங்களில் குடும்பங்களை உடைப்பதில் முதலிடம் காணிக்கே. லூக்கா 12இல், பாகம் பிரித்துத் தரும்படி ஒருவன் கேட்டபோது இயேசு அந்த வேலையை ஏற்க மறுத்து, பேராசையைப் பற்றி எச்சரித்தார். பங்குத்தந்தையும் போதகரும் அதையே செய்வது நல்லது. யாருக்கு எத்தனை பேர்ச் என்று தீர்ப்புச் சொன்ன குருவுக்கு அடுத்த ஞாயிறு பாதிக் குடும்பம் கோவிலுக்கு வராது.

உறவினர் பேசும் முன் எந்தப் பத்திரம் என்று பார்க்க வேண்டும். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரமா, சுவர்ணபூமி, ஜயபூமி போன்ற அளிப்பா, 2024இல் தொடங்கிய உறுமய திட்டத்தின் முழு உரிமை உறுதியா, தனியார் உறுதியா என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். அனுமதிப்பத்திரக் காணியை அண்ணன் தம்பி வெள்ளைத்தாளில் எழுதிப் பிரித்துக்கொண்டால் அது செல்லாது. பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும். பத்திரத்தில் குறிக்கப்பட்ட குறைந்த அளவுக்குக் கீழே துண்டாடவும் முடியாது. உரிமையாளர் உயிரோடிருக்கும்போதே வாரிசின் பெயரைப் பதியலாம், பிறகு மாற்றவும் செய்யலாம். பெயர் குறிக்காமல் இறந்தால் சட்ட அட்டவணைப்படி வாரிசு வரும். அந்த அட்டவணையில் ஆண்களுக்கு இருந்த முன்னுரிமையை 2022இன் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் நீக்கியது. மூத்த மகனுக்குத்தான் வரும் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் மாமாக்களிடம் இதைப் பணிவாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

செய்ய வேண்டியது: பத்திரத்தின் பிரதியோடு பிரதேச செயலகத்துக் காணி உத்தியோகத்தரைப் பார்த்தல். மகாவலி அதிகார சபை வழங்கிய காணியென்றால் அந்த அலுவலகம். இரு தரப்பும் ஒன்றாகப் போனால், அலுவலகத்தில் கேட்ட பதிலை வீட்டில் யாரும் மாற்றிச் சொல்ல முடியாது.

பல மதம் உள்ள வீடு

கத்தோலிக்கர் ஒருவர் ஞானஸ்நானம் பெறாதவரை மணக்க ஆயரின் விலக்களிப்பு தேவை (1086ஆம் சட்டம்). பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து வளர்க்க இயன்றதெல்லாம் செய்வதாக வாக்களிப்பவர் கத்தோலிக்கத் துணைவர் மட்டுமே. மற்றவருக்கு அந்த வாக்கு அறிவிக்கப்படும், அவ்வளவுதான் (1125). மாமனார் வீட்டில் வரும் பெரும்பாலான சண்டை, இந்த அறிவித்தல் திருமணத்துக்கு முன் ஒழுங்காக நடக்காததால் வருவது. பிள்ளை பிறந்த பிறகு பேசுவதைவிட, பதிவுக்கு முன் இரு பெற்றோரும் இருக்கும்போது சொல்லிவிட வேண்டும்.

மாமனார் இறந்த ஏழாம் நாள் தானத்துக்குக் கிறிஸ்தவ மருமகள் என்ன செய்வது? சமைக்கலாம், பரிமாறலாம், பிக்குமாருக்கு மரியாதை செய்யலாம். தன் விசுவாசம் இடம் தராத செயலை மட்டும் முன்னதாகவே மாமியிடம் சொல்லி விலகலாம். “அம்மா, சோறு கறி எல்லாம் நான் பார்க்கிறேன். பூ பூசைக்கு மட்டும் அக்கா போகட்டும்.” கூடியிருப்பவர்கள் நடுவில் திடீரென்று ஒதுங்கி நின்றால் அதுதான் அவமதிப்பு. சில சபைகள் தானத்துக்குப் போவதையே தடுக்கின்றன. அந்தச் சபையைச் சேர்ந்தவர் முந்திய நாள் போய் விறகும் காய்கறியும் கொடுத்துத் துக்கத்தில் பங்கெடுக்கலாம்.

திருமணமான புதிதில் கிறிஸ்தவரான ஒருவர் வீட்டிலுள்ள மற்றவர்களை மாற்ற அவசரப்படுவதும் பெரிய பிரிவினைக்குக் காரணம். நம்பிக்கை இல்லாத துணை சேர்ந்து வாழச் சம்மதித்தால் பிரிய வேண்டாம் என்பதே 1 கொரிந்தியர் 7. சுவரில் இருக்கும் மாமியின் சாமி படத்தைக் கழற்றும் அதிகாரம் மருமகளுக்கு இல்லை.

மத்தியஸ்த சபைக்குப் போதல்

1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைகளில் மூன்று பேர் கொண்ட குழு பேசித் தீர்க்க முயலும். இரு தரப்பும் பட்டியலிலிருந்து ஆளுக்கொருவரைத் தெரியலாம்; அந்த இருவரும் மூன்றாமவரைத் தெரிவார்கள். சட்டத்தரணிகள் ஆஜராக முடியாது. தீராவிட்டால் தீரவில்லை என்ற சான்றிதழ் கிடைக்கும். அதன் பிறகு நீதிமன்றம் போகலாம். பெற்றோரைப் பராமரிக்காத பிள்ளைகள் தொடர்பான பிணக்குக்கு 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பராமரிப்புச் சபை தனியாக உண்டு.

கிறிஸ்தவர் வழக்குப் போடக் கூடாது என்று 1 கொரிந்தியர் 6ஐக் காட்டுவோர் உண்டு. அதை எழுதிய பவுலே தனக்கு நியாயம் கிடைக்காது என்று கண்டபோது இராயனுக்கு முறையிட்டார் (அப்போஸ்தலர் 25). பேசிப் பார்க்காமல் வழக்குப் போடுவதுதான் தவறு.

உறவு கூடாதபோது

எல்லாம் செய்தும் மறுபக்கம் அசையாவிட்டால் எல்லை வைத்து வாழலாம். எல்லை என்றால் தெளிவான சில ஏற்பாடுகள்: பணம் கடன் கொடுப்பதில்லை, குடித்துவிட்டு வந்தால் கதவு திறப்பதில்லை, பிள்ளைகளை அங்கே இரவு தங்க விடுவதில்லை. அதே நேரம் திறந்து வைக்க வேண்டியவையும் உண்டு: நோய் என்றால் பார்க்கப் போவது, நத்தாருக்குக் கேக் ஒரு துண்டு அனுப்புவது, வழியில் கண்டால் முகம் திருப்பாமல் இருப்பது. எல்லையை ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். ஒவ்வொரு சந்திப்பிலும் அறிவித்துக்கொண்டிருந்தால் அதுவே புதுச் சண்டையாகிவிடும்.

பேசாமல் இருக்கும் உறவினரும் மரண வீட்டில் கூடுவார்கள். அங்கே செய்யக்கூடியது குறைவு: போய், துக்கம் விசாரித்து, கையில் வேலை ஏதாவது எடுத்துக்கொண்டு, அழைக்கப்படாமல் பிரேதத்தின் தலைமாட்டில் முந்தி நிற்காமல் இருப்பது. அழுகையின் நடுவில் கட்டிப்பிடித்ததைச் சமாதானம் என்று கணக்கில் எடுக்கக் கூடாது. இரண்டு கிழமை கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். காணிப் பேச்சை மூன்றாம் மாதத் தானமோ 31ஆம் நாள் நினைவுத் திருப்பலியோ முடியும்வரை யாரும் எடுக்காதிருப்பது நல்லது. ஆனால் அதற்கு மேல் இழுக்கவும் கூடாது. அனுமதிப்பத்திரக் காணிக்குப் பெயர் குறிக்கப்பட்ட வாரிசு, உரிமை திறந்து ஆறு மாதத்துக்குள் காணியை ஏற்காவிட்டால் உரிமையை இழக்க நேரும். ஆகவே மரணச் சான்றிதழ் கைக்கு வந்ததும் பிரதேச செயலகத்துக்குப் போய் எழுத்தில் அறிவித்துவிட்டு, மற்ற பேச்சுகளைப் பிறகு ஆறுதலாக வைத்துக்கொள்ளலாம்.